எண்ணெய்க் கிண்ணம்

தமிழில் சில சொற்கள் தம் பிறப்பைத் தாமே சொல்லிவிடும். அவற்றுள் ஒன்று எண்ணெய். எள்ளிலிருந்து எடுத்த நெய் எண்ணெய் ஆயிற்று. பின்னர்த் தேங்காயிலும் ஆமணக்கிலும் வேம்பிலும் புன்னையிலும் எடுத்த நெய்களுக்கெல்லாம் அப்பெயரே பொதுப்பெயராக நின்றது. தன் பெயரைப் பிறர்க்கு வழங்கிவிட்ட எள்ளின் நெய், 'நல்ல' என்னும் அடைமொழியைப் பெற்று நல்லெண்ணெய் என விளங்கலாயிற்று. நம் முன்னோர் அதனை எவ்வளவு போற்றினர் என்பதற்கு அப்பெயரே சான்று அன்றோ?

தாமிரபரணிக் கரையில் இருந்த எங்கள் ஆச்சியின் வீட்டில், அடுக்களைக்கும் முற்றத்துக்கும் இடையேயுள்ள சுவரில் ஒரு மாடக்குழி உண்டு. அதில் ஒரு பீங்கான் கிண்ணம் எப்பொழுதும் இருக்கும். தலை வாரப்போகும் பெண்ணும், வயலிலிருந்து வெடித்த பாதத்துடன் திரும்பும் ஆளும், பலாப்பழம் அரிய அமர்பவரும், கிறீச்சிடும் கதவுக் கீலைச் சரிசெய்ய வருபவரும் அந்தக் கிண்ணத்தையே நாடுவர். அழகு வேறு, இல்லறம் வேறு என்று அந்தக் கிண்ணம் பிரித்துப் பார்த்ததில்லை. அந்தக் கிண்ணத்தைப் பற்றியே இன்று பேச விரும்புகிறேன். எண்ணெய் எதைச் செய்யும், எதைச் செய்யாது, எவ்விடத்துக்கு அதைக் கொண்டு செல்லவே கூடாது என்னும் மூன்றையும் அறிந்தவர்க்கே அது நல்ல எண்ணெய் ஆகும்.

முதலில், எண்ணெய் செய்யும் தொழில் யாது? நம்மிற் பலர் எண்ணெய் தோலுக்கு ஈரம் தருகிறது என்று எண்ணுகிறோம். எண்ணெயில் நீர் இல்லை. ஆதலால் அது ஈரத்தைத் தருவதற்கில்லை. இருக்கும் ஈரம் வெளியேறாதபடி மெல்லிய போர்வையாக மேலே படிந்து காக்கிறது. காப்பதே அதன் தொழில். இந்த ஓர் உண்மையை மனத்தில் இருத்திக்கொண்டால் பாதி வீட்டுக் குறிப்புகள் தாமே விளங்கிவிடும்.

காய்ந்து வெளிறிய கைகால்களில் எண்ணெயைத் தடவிவிட்டு, "பயன் இல்லையே" என்று வருந்துவோர் உண்டு. காய்ந்த தோலில் காப்பதற்கு ஈரம் ஏது? குளித்து முடித்ததும் துண்டால் அழுந்தத் தேய்க்காமல் ஒற்றி எடுத்து, உடலில் ஈரம் காயுமுன் சில சொட்டுத் தேங்காயெண்ணெயை உள்ளங்கையில் பரப்பித் தடவிப் பாருங்கள். அரைக் கரண்டி எண்ணெய் அரைக் கிண்ணத்தின் பணியைச் செய்துவிடும். குதிகால் வெடிப்புக்கும் இதே முறைதான். இளஞ்சூடான நீரில் கால் மணி நேரம் பாதங்களை ஊறவைத்து, ஒற்றித் துடைத்து, விளக்கெண்ணெயைத் தடவி, பழைய பருத்திக் காலுறையை அணிந்து உறங்குங்கள். விளக்கெண்ணெய் மிகவும் அடர்ந்தது. இரவு முழுவதும் வழியாமல் நிற்கும். ஆனால், நீரிழிவு நோய் உள்ளவர்களுக்குப் பாதத்தில் உணர்ச்சி குன்றியிருக்கலாம். அவர்கள் காலை நீரில் ஊறவைத்தல் கூடாது. வெடிப்பில் குருதியோ சீழோ கண்டால் எண்ணெய்க் கிண்ணத்தை நாடாமல் மருத்துவரை நாட வேண்டும்.

தோலின்மீது படியும் இந்தப் போர்வை எவ்வளவு மதிப்புடையது என்பதற்கு ஒரு சான்று சொல்வேன். வங்காளதேசத்தின் தலைநகரான டாக்காவில், குறைமாதத்தில் பிறந்த குழந்தைகளின் மென்தோலில் சூரியகாந்தி எண்ணெயைத் தடவி மருத்துவர்கள் ஆராய்ந்தனர். எண்ணெய் தடவாத குழந்தைகளைவிட இக்குழந்தைகளுக்கு மருத்துவமனையில் தொற்றும் நோய் 41 விழுக்காடு குறைந்திருந்தது என்று 2005ஆம் ஆண்டில் அறிவித்தனர். முதிராத தோல் கிருமிகளைத் தடுக்க வலிவற்றது; எண்ணெய் அதற்குத் துணையாக நின்றது.

இனிக் கூந்தலைப் பார்ப்போம். முடியின் புறத்தே மீன் செதிள் போன்ற நுண்ணிய அடுக்கு உண்டு. நீரில் ஊறி முடி உப்புவதும், காய்ந்து சுருங்குவதுமாக இருந்தால் அச்செதிள்கள் பெயர்ந்து முடி நலியும். 2003ஆம் ஆண்டில் வெளியான ஓர் ஆய்வில், தேங்காயெண்ணெய், சூரியகாந்தி எண்ணெய், பெட்ரோலியத்திலிருந்து எடுக்கும் கனிம எண்ணெய் ஆகிய மூன்றையும் முடியில் தடவிச் சோதித்தனர். முடியின் புரதம் கழிந்துபோவதைத் தடுத்தது தேங்காயெண்ணெய் ஒன்றே. அதில் ஏறத்தாழப் பாதியாக உள்ள லாரிக் அமிலம் முடிக்குள்ளே புகவல்லது என்பதே காரணம். ஆகவே, குளித்தபின் பளபளப்புக்காக எண்ணெய் தடவுவதைவிட, குளிப்பதற்கு முன்னரே தடவி, அரைமணி அல்லது ஒரு மணி நேரம் வைத்திருந்து குளிப்பதே கூந்தலைக் காக்கும் முறை.

ஆனால், எண்ணெய் முடியை வளர்க்குமா? இருக்கும் முடி ஒடியாமல் காக்கும். அதனால் கூந்தல் நீண்டு தோன்றும். இல்லாத இடத்தில் முடியை முளைப்பிக்கும் ஆற்றல் அதற்கு இல்லை. முடி மாதத்துக்கு ஏறத்தாழ ஒரு சென்டிமீட்டர் வளர்வது இயற்கை. நாளொன்றுக்கு ஐம்பது முதல் நூறு முடிகள் வரை உதிர்வதும் இயற்கையே. அதற்கு மேலும் கொத்துக் கொத்தாக உதிர்ந்தால், குறை தலையில் இல்லாமல் குருதியில் இருக்கலாம். இரும்புச்சத்துக் குறைவோ, தைராய்டுச் சுரப்பியின் கோளாறோ காரணமாகலாம். பொடுகு உள்ளவர்கள் இரவெல்லாம் எண்ணெயை ஊறவைப்பதும் நன்றன்று. பொடுகுடன் தொடர்புடைய பூஞ்சைக்கு எண்ணெயே உணவு. நாம் மருந்து என்று எண்ணி அதற்கு விருந்து வைப்போம்!

எண்ணெய் தேய்த்தபின் அதனைப் போக்குவதற்குச் சீயக்காயும் அரப்பும் பூந்திக்கொட்டையும் நமக்கு வாய்த்திருக்கின்றன. நீரில் நுரைத்து அழுக்கை அகற்றும் சபோனின் என்னும் பொருள் இவற்றில் உண்டு. சீயக்காயை நன்றாகக் காயவைத்து, வெந்தயமும் பச்சைப்பயறும் சேர்த்துப் பொடித்துச் சல்லடையில் நுணுக்கமாகச் சலித்துக்கொள்ளுங்கள். சலிக்காத பொடி தலையைக் கீறும். வெந்தயம் வழுவழுப்பைத் தந்து சிக்கு விழாமல் காக்கும். குழைக்கும்போது வடித்த கஞ்சியைப் பயன்படுத்தலாம். கண்ணில் மட்டும் படவிடாதீர்கள். பட்டால் தேய்க்காமல் நிறையத் தண்ணீர் விட்டுக் கழுவுங்கள்.

வீட்டிலேயே எண்ணெய் எடுக்க விரும்புவோர்க்கு ஆச்சியின் முறையைச் சொல்கிறேன். நன்கு முற்றிய தேங்காய் இரண்டைத் துருவி, இளஞ்சூடான நீர் சிறிது தெளித்து அரைத்துக் கெட்டிப்பால் பிழிந்துகொள்ள வேண்டும். அடி கனத்த உருளியில் அப்பாலை ஊற்றிச் சிறு தீயில் வைத்துக் கிளறிக்கொண்டிருக்க வேண்டும். பால் திரியும், பின் எண்ணெய் பிரியும், கசடு பொன்னிறமாகும். பக்குவத்தைக் கண்ணால் மட்டும் பார்க்காதே, காதாலும் கேள் என்பார் ஆச்சி. எண்ணெயில் நீர் இருக்கும்வரை சடசடவென்று ஓசை எழும். ஓசை அடங்கினால் நீர் நீங்கிவிட்டது என்று பொருள். அந்நேரத்தில் இறக்கி, ஆறியபின் வடிகட்டி, ஈரம் அறவே இல்லாத கண்ணாடிப் புட்டியில் நிரப்பலாம். கரிசலாங்கண்ணிச் சாறோ, செம்பருத்தி இலையோ இட்டுக் காய்ச்சும்போதும் இதே இலக்கணம்தான். நீர் எஞ்சிய எண்ணெய் சில நாள்களிலேயே கெட்டுவிடும். வெளிச்சமும் வெப்பமும் காற்றும் எண்ணெய்க்குப் பகை. எனவே சிறிது சிறிதாகக் காய்ச்சி, புட்டியை இருண்ட அலமாரியில் வைத்து, நாலைந்து நாளுக்கு வேண்டியதை மட்டுமே கிண்ணத்தில் ஊற்றுங்கள். காறல் வாடை வந்த எண்ணெய் தலைக்கும் ஆகாது, தாளிப்புக்கும் ஆகாது.

அடுக்களையிலும் எண்ணெய் இதே காவல் தொழிலையே செய்கிறது. இரும்புத் தோசைக்கல்லும் அரிவாள்மணையும் ஏன் துருப்பிடிக்கின்றன? ஈரமும் காற்றும் இரும்பைத் தொடுவதனால். கழுவி, அடுப்பின் சூட்டில் ஈரம் போக்கி, எண்ணெய்த் துணியால் ஒருமுறை துடைத்துவைத்தால் அவ்விரண்டும் இரும்பை அண்டா. வெள்ளிக்கிழமை விளக்கைப் புளியும் உப்பும் கொண்டு துலக்குகிறோம். புளியின் அமிலம் களிம்பைக் கரைக்கிறது. துலக்கியவுடன் கழுவித் துடைத்து ஒரு சொட்டு எண்ணெயால் மெழுகிவிட்டால் அடுத்த களிம்பு விரைவில் ஏறாது. பலாப்பழம் அரியுமுன் கையிலும் கத்தியிலும் எண்ணெய் தடவுவதும், பலாவின் பால் நேரே தோலைத் தொடாமல் இருப்பதற்கே.

துவரம்பருப்புக்கு விளக்கெண்ணெய் பூசிவைக்கும் வழக்கத்தை நீங்கள் அறிவீர்கள். பருப்பை வெயிலில் நன்றாகக் காயவைத்து, ஆறியபின், ஒரு கிலோவுக்கு ஒரு தேக்கரண்டி வீதம் விளக்கெண்ணெயைக் கையால் பிசறிக் காற்றுப் புகாத கலத்தில் இட்டுவைத்தால் வண்டு தாக்காது. பயறு வகைகளில் வண்டு இடும் முட்டைமீது எண்ணெய் படிந்து மூடிவிடுகிறது. உள்ளே காற்றுப் புகுவதில்லை, முட்டை பொரிப்பதில்லை. சமைக்குமுன் இளஞ்சூடான நீரில் இரண்டு மூன்று முறை கழுவிவிட்டால் போதும்.

நேயர்களே, முட்டைக்குள் காற்றுப் புகாமல் தடுக்கும் இந்தச் செய்தியை ஒரு காரணத்துக்காகவே இங்கே சொன்னேன். இனி நான் கூறப்போவது எங்கள் வீட்டில் நிகழ்ந்தது.

பல ஆண்டுகளுக்கு முன் என் தங்கைக்குத் தலைக்குழந்தை பிறந்தது. பெண் குழந்தை. ஆச்சியே குளிப்பாட்டினார். முற்றத்தில் கால்களை நீட்டி அமர்ந்து, கால்களின்மேல் குழந்தையைக் கிடத்தி, இளஞ்சூடான தேங்காயெண்ணெயை அவர் தேய்த்துவிடும் அழகைக் காண அண்டை வீட்டுப் பெண்களும் வருவர். குழந்தை அழாமல் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருக்கும். குளிப்பாட்டி முடித்ததும், வழக்கப்படி மூக்கில் இரண்டு சொட்டு எண்ணெய் விட்டு மெல்ல ஊதுவார். மூக்கடைப்பு நீங்கும் என்பது நம்பிக்கை. எங்களையெல்லாம் அப்படித்தான் வளர்த்தார். எங்கள் அன்னையையும் அப்படியே வளர்த்தார்.

மூன்றாம் மாதத்தில் குழந்தைக்கு இருமல் கண்டது. பால் குடிக்கும்போது மூச்சு இளைத்தது. மருந்து கொடுத்தோம், தணியவில்லை. ஓர் இரவில் மார்பு குழிவிழ மூச்சு வாங்கவே, நகரத்து மருத்துவமனைக்கு எடுத்துச் சென்றோம். மருத்துவர் எக்ஸ்-ரே படத்தை நெடுநேரம் பார்த்துவிட்டு, "குழந்தையின் மூக்கில் ஏதேனும் விடுவது உண்டா?" என்று கேட்டார். எங்களில் ஒருவரும் வாய் திறக்கவில்லை. "எண்ணெய் விடுவேன் ஐயா, நான்தான்" என்றார் ஆச்சி.

மருத்துவர் அவரைக் கடிந்துகொள்ளவில்லை. நாற்காலியில் அமரச் சொல்லிப் பொறுமையாக விளக்கினார். நீர் மூச்சுக்குழலில் புகுந்தால் உடனே இருமல் வந்து வெளியே தள்ளிவிடும். எண்ணெய் அவ்வாறு இருமலை எழுப்பாமல் வழுக்கிக்கொண்டு நுரையீரலுக்குள் இறங்கிவிடும். அங்கே அது கரைவதும் இல்லை, எளிதில் வெளியேறுவதும் இல்லை. நாள்தோறும் இரண்டு சொட்டாகச் சேர்ந்து நுரையீரலைப் புண்ணாக்கிவிடும். பருப்பின்மேல் எந்தக் குணம் நமக்கு நன்மை செய்கிறதோ, அதே குணம் குழந்தையின் மூச்சுப் பாதையில் பகையாகிவிட்டது. எண்ணெய் மாறவில்லை, இடம் மாறிவிட்டது.

பல வாரங்கள் கழித்துக் குழந்தை தேறி வீடு திரும்பியது. அன்று மாலை ஆச்சி மாடக்குழியின் அருகே நெடுநேரம் நின்றிருந்தார். பிறகு என்னை அழைத்து, "எனக்குச் சொல்லித் தந்தவள் நல்லதென்று நினைத்துத்தான் சொல்லித் தந்தாள், தாயீ. நானும் நல்லதென்று நினைத்துத்தான் செய்தேன். நினைப்பு மட்டும் நல்லதாக இருந்தால் போதாது. இனி இந்தத் தெருவில் எந்தப் பிள்ளையின் மூக்கிலும் எண்ணெய் போகக் கூடாது" என்றார். சொன்னபடியே வீடு வீடாகச் சென்று, தம் தவற்றைத் தம் வாயாலேயே எடுத்துரைத்தார். முதுமையில் அவருக்கு அது எளிய செயலன்று. ஊரில் குழந்தை வளர்ப்புக்கு அவரையே எல்லாரும் கேட்பார்கள். ஆயினும் குழந்தைக்கு எண்ணெய் தேய்ப்பதை அவர் விட்டுவிடவில்லை. மூக்கிலும் காதிலும் விடுவதை மட்டுமே விட்டார். பழமையைப் போற்றுவது என்பது இதுவே என்று நான் அன்று கற்றேன். கொள்ளத்தக்கதைக் கொள்ளவும், தள்ளத்தக்கதைத் தள்ளவும் அவருக்குத் தெரிந்திருந்தது.

தள்ளத்தக்கவை வேறு சிலவும் உண்டு. வேப்பெண்ணெயைக் குழந்தைகளுக்கு உள்ளுக்குப் புகட்டலாகாது. அவ்வாறு புகட்டப்பட்ட கைக்குழந்தைகளின் மூளை பாதிக்கப்பட்டதை 1981ஆம் ஆண்டிலேயே மலேசிய மருத்துவர்கள் வெளியிட்டனர். சளிக்கு எண்ணெயில் கற்பூரம் கரைத்துக் கைக்குழந்தையின் மார்பில் தடவுவதும் தீங்கானது. கற்பூரம் தோல் வழியாகவும் உடலிற் சேரும். வாய்க்குள் சிறிதளவு போனாலும் வலிப்பை உண்டாக்கும். மருந்துப் பொருள்களில் கற்பூரம் 11 விழுக்காட்டைத் தாண்டலாகாது என்று அமெரிக்க அரசு 1983ஆம் ஆண்டில் வரையறை செய்தது. நம் பூசைக் கற்பூரமோ மருந்துக்கென்று செய்யப்பட்டதே அன்று. அதனைக் குழந்தைக்கு எட்டாத உயரத்தில் வையுங்கள்.

தீப்புண்ணுக்கு எண்ணெய் தடவுவதும் பெருந்தவறு. சூட்டை உள்ளேயே அடக்கிவைப்பதும் அந்தப் போர்வைதானே! சுட்ட இடத்தைக் குழாயின் ஓடும் நீரில் இருபது நிமிடம் காட்டுங்கள். பிறகு தூய துணியால் மூடி மருத்துவரிடம் செல்லுங்கள். முகம் வெளுக்கும் என்று எலுமிச்சைச் சாற்றை நேரே பூசிக்கொண்டு வெயிலில் செல்வதும் வேண்டா. அச்சாறும் வெயிலும் கூடினால் தோல் கொப்பளித்துக் கருந்தழும்பு படும். பருக்கள் உள்ள முகத்தில் தேங்காயெண்ணெய் தடவினால் பருக்கள் பெருகலாம். புதிதாக எந்த எண்ணெயை வாங்கினாலும், முன்கையின் உட்புறத்தில் ஒரு சொட்டுத் தடவி இரண்டு நாள் பொறுத்திருந்து, தடிப்போ அரிப்போ இல்லையாயின் பயன்படுத்துங்கள். எண்ணெய் முழுக்கு முடிந்ததும் குளியலறைத் தரையில் சீயக்காய்த் தூளைத் தூவித் தேய்த்து, சூடான நீர் விட்டுக் கழுவிவிடுவதும் முழுக்கின் ஒரு பகுதியே. நாம் விட்டுவந்த வழுக்கலில் நம் வீட்டு முதியவர் கால் வைப்பார் அல்லவா?

எண்ணெயின் தூய்மையையும் சொல்லாமல் முடித்தல் ஆகாது. 1998ஆம் ஆண்டில் தில்லியில் கடுகெண்ணெயுடன் பிரமதண்டு விதையின் எண்ணெய் கலந்திருந்ததால் நீர்க்கோவை நோய் பரவி அறுபதுக்கு மேற்பட்டோர் உயிரிழந்தனர். ஆகையால் மூடி முத்திரையில்லாத எண்ணெயை விலை மலிவு கருதி வாங்காதீர்கள். தேங்காயெண்ணெய்க்கு வீட்டிலேயே ஓர் எளிய சோதனை உண்டு. கண்ணாடிக் குவளையில் சிறிது ஊற்றி, குளிர்ப்பெட்டியின் கீழ்த்தட்டில் ஒன்றரை மணி நேரம் வையுங்கள். தூய தேங்காயெண்ணெய் முழுவதும் உறைந்துவிடும். வேறு எண்ணெய் கலந்திருந்தால் அது உறையாமல் தனியே நிற்கும். கடையில் விற்கும் வாசனைத் தைலங்களின் குப்பியில் முன்பக்கத்து மலரைப் பார்த்தபின், பின்பக்கத்துச் சிறிய எழுத்துகளையும் படியுங்கள். திரவ பாராஃபின் என்றோ, கனிம எண்ணெய் என்றோ எழுதியிருந்தால் அது பெட்ரோலியத்திலிருந்து வந்தது. தோலின்மேல் அதனால் பெருந்தீங்கு இல்லை. ஆனால் தேங்காய்க்குரிய விலையை அதற்கு நாம் ஏன் கொடுக்க வேண்டும்?

நேயர்களே, அழகு என்பது பெரும்பாலும் காக்கப்பட்ட நலமே. ஒடியாத கூந்தலும், வெடிக்காத பாதமும், துருவேறாத அரிவாள்மணையும், வண்டு தொடாத பருப்பும் ஒரே கையின் கவனத்தால் அமைபவை. அந்தக் கவனத்துக்கு எண்ணெய் ஒரு கருவி. அளவறிந்தும் இடமறிந்தும் அதனைப் பயன்படுத்துவோமாக.

ஆச்சியின் கிண்ணம் இப்பொழுது என் வீட்டில் இருக்கிறது. அன்று மூச்சுக்குத் தவித்த அந்தப் பெண் குழந்தை இன்று தானும் ஒரு தாய். சென்ற மாதம் தன் மகனைக் கால்களின்மேல் கிடத்தி எண்ணெய் தேய்த்துக்கொண்டிருந்தாள். தேய்த்து முடித்ததும், கிண்ணத்தை எடுத்துக் குழந்தைக்கு எட்டாத இடத்தில் தள்ளி வைத்துவிட்டுத் தண்ணீரை மொண்டாள்.